மூன்றாம் பாகமே சரி என்றவர்

விண்வெளியில் நடக்கும் அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டின் மூன்று பாகங்களில் எது உசத்தி என்று இணையத்தில் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். கதைக்கு முதல் பாகம், சண்டைக்கு இரண்டாம் பாகம், மூன்றாவது பார்க்க அழகு, முடிவுதான் சொதப்பல் என்று ஆளாளுக்கு மார்க் போடுகிறார்கள். அவ்வப்போது நானும் போய்ப் படிக்கிறேன். படிக்கும்போதெல்லாம் இவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று எரிச்சல் வரும். அந்த மூன்றையும் உண்மையாக ஒப்பிட்டுப் பார்த்த ஒரே ஆள் எனக்குத் தெரிந்தவர். வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் மேஸ்திரி. ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் முழுதாக வாசிக்க வராதவர். பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் அவரை அண்ணே என்றேன், அவர் என்னைத் தங்கச்சி என்றார், அது போதும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள் அவை. காந்திகிராமத்தில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, வேலை தேடிச் சலித்து, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். பிளைவுட் அடித்த நாலு கேபின், ஒரு பிரிண்டர், கரண்ட் போனால் பத்து நிமிடம் தாங்கும் ஒரு யுபிஎஸ். ஹால் டிக்கெட், ரிசல்ட், வேலைக்கு விண்ணப்பம் என்று வருவார்கள். ஆள் இல்லாத நேரத்தில் என் மேசையில் உட்கார்ந்து அந்த விளையாட்டை ஆடிக்கொண்டிருப்பேன். பெண்பிள்ளை துப்பாக்கி சுடுவதை எட்டிப் பார்க்கவே சிலர் மாடியேறி வருவதுண்டு. ஆனால் அதில் சுடுவது கொஞ்சம்தான், பேச்சுதான் அதிகம். ஒரு விண்கப்பலின் கேப்டன் நாம். கூட இருப்பவர்களோடு பேச வேண்டும், யாரை எங்கே அனுப்புவது என்று முடிவெடுக்க வேண்டும். முதல் பாகத்தில் நாம் செய்ததை இரண்டாம் பாகம் நினைவு வைத்திருக்கும். இரண்டிலும் செய்ததை மூன்றாம் பாகம் நினைவு வைத்திருக்கும். அதன் பெருமையே அதுதான்.

அவர் முதலில் வந்தது மகனுக்கு ஹால் டிக்கெட் எடுக்க. பகல் ஷிஃப்ட் முடிந்து மில் பஸ் இறக்கிவிட்ட நேரம். புருவமெல்லாம் பஞ்சு. பிரிண்டர் இழுத்துக்கொண்டிருந்ததால் என் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். நான் முதல் பாகத்தில் ஒரு சுரங்க நிலாவில் இருந்தேன். பம்ப் அறையில் தீ. வால்வை அடைக்க உள்ளே ஓர் ஆளை அனுப்ப வேண்டும். இன்ஜின் ரூமில் வேலை பார்க்கும் சின்னப் பெண் ஒருத்தியை அனுப்பினேன். அவள் பக்கத்தில் நின்றாள் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. கதவு மூடிக்கொண்டது. அவள் வெளியே வரவில்லை.

“அந்தப் புள்ள எங்க தங்கச்சி?”

“செத்துப்போச்சுண்ணே. விளையாட்டுதான்.”

“நீயா அனுப்புன?”

“ஆமாண்ணே. யாரையாச்சும் அனுப்பித்தான ஆகணும்.”

“திரும்பப் போக முடியுமா?”

“பழசு சேவ் பண்ணி வச்சிருக்கேன். போகலாம்.”

“அப்பத் திருப்பிப் போடு.”

ஏதோ கிறுக்கு என்று நினைத்துக்கொண்டு திருப்பிப் போட்டேன். இந்தத் தடவை கூட நின்ற பையனை அனுப்பினேன். அவனும் வரவில்லை. “அவனும் வேணாம், திருப்பிப் போடு” என்றார். ஹால் டிக்கெட் எப்போதோ வந்துவிட்டது. அதைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி ஆறு மணி வரை நின்றார். இருவரும் பிழைக்க வழி உண்டா என்று இணையத்தில் தேடிப் பார்த்தேன். உண்டு. ஆனால் பத்து மணி நேர ஆட்டத்துக்கு முன்னால், கப்பல் கிளம்பும்போதே, ஒவ்வொருவருடைய பாதுகாப்புச் சட்டையையும் தனித்தனியாகச் சோதிக்கச் சொல்லியிருக்க வேண்டும். சலிப்புப் பிடித்த வேலை. யாரும் செய்ய மாட்டார்கள் என்று அந்த வழியைச் சொன்னவனே எழுதியிருந்தான்.

மறுநாள் நாலு மணிக்கு அவர் வந்தார். “மொதல்ல இருந்து ஆரம்பிப்போம் தங்கச்சி” என்றார். அன்றிலிருந்து மூன்றாம் கேபின் அவருடையது.

அவர் மவுஸை நகர்த்துவார், நான் வாசித்துச் சொல்வேன். ஆயிரம் வருடம் வாழும் கல்மூஞ்சி ராஜா ஒருவன் அதில் உண்டு. ஆங்கிலத்தில் அவன் பேசுவது பைபிள் மாதிரி இருக்கும். என் வாயில் அவன், “ஏலே, ஒம் பூமிக்காரப் பயலுகள நம்பி நான் மோசம் போனது போதும்” என்பான். மேஸ்திரி சிரிக்க மாட்டார். “அவன் சொல்றதும் நெசந்தான” என்பார். எதிரிக்கும் நியாயம் இருக்கும் என்று பார்த்துப் பார்த்துப் பதில் சொல்லும் கேப்டன் அவர். மற்றவர்கள் இரண்டு மணி நேரத்தில் தாண்டுகிற இடத்தை அவர் ஒரு வாரம் தாண்டுவார். எனக்குக் கடுப்பாகவும் இருக்கும், ஆள் இல்லாத நாளில் அவரை எதிர்பார்க்கவும் செய்வேன்.

ஒரு தடவை பக்கத்துக் கேபினில் சத்தமாகப் பாட்டுக் கேட்ட ஒருவரைப் பார்த்து, “காது செவுடாய்யா ஒனக்கு” என்று கத்திவிட்டார். கத்தியவர் எழுந்து மாடிப்படி இறங்கிப் போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். ஐந்து நிமிடம் கழித்துப் புதிதாக வருகிறவர் போலப் படியேறி வந்தார். செருப்பைக் கழற்றினார். அந்த ஆளிடம் போய், “அண்ணே, செத்த நேரம் சத்தத்தக் கொறச்சுக்கிறீகளா” என்றார். முதலில் நடந்தது நடக்காதது போலவே இருந்தது அவர் முகம். அந்த ஆள் மிரண்டுபோய் பாட்டை நிறுத்திவிட்டு எழுந்தே போய்விட்டார். நான் மேசைக்கு அடியில் குனிந்து சிரித்தேன். பிற்பாடு யோசித்தால் சிரிக்கிற விஷயமாகத் தெரியவில்லை.

விண்ணப்பம் எதுவானாலும் பென்சிலில்தான் எழுதுவார். எழுதி, சரி பார்த்து, அப்புறம் மேலே பேனாவை ஓட்டுவார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ரப்பர் இருக்கும். மில் பழக்கம் என்றார். ஷிஃப்ட் ஆரம்பத்தில் எந்த மிஷினுக்கு யார் என்று மேஸ்திரிதான் ஆள் போட வேண்டும். யார் வருவார், யார் லீவு என்று தெரியாததால் நோட்டில் பென்சிலால் எழுதுவார்கள். ஆள் மாற மாற அழித்து எழுதுவார்கள். ஷிஃப்ட் முடியும்போது கடைசியாக நிற்பதைப் பேனாவில் ஏற்றுவார்கள். “பேனாவுல ஏத்துனாத்தான் நடந்ததுன்னு அர்த்தம்” என்றார்.

மூன்று பாகங்களையும் அவர் ஒப்பிட்டதும் இதே கணக்கில்தான். படம், சண்டை, பாட்டு ஒன்றும் அவருக்கு ஒரு பொருட்டில்லை. திரும்பிப் போக இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. முதல் பாகத்தில் நினைத்த இடத்தில் சேவ் செய்யலாம், எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். “இதப் பண்ணவன் மனுசன் தங்கச்சி” என்பார். இரண்டாம் பாகத்தில் ஒரு கதவைத் தாண்டினால்தான் சேவ் ஆகும், பதில் சொல்லவும் இருபது விநாடிதான். அதை ஆடும்போது அவருக்கு வேர்த்துக் கொட்டும். ஒரு நாள் அந்த இருபது விநாடிக்குள் கரண்ட் போய், யுபிஎஸ் கீச் கீச்சென்று கத்த, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன். “ஒண்ணும் ஆகலியே அதுக்கு?” என்று கேட்டார். அவர் கேட்டது இன்ஜின் ரூம் பெண்ணைப் பற்றி.

மூன்றாம் பாகம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. அதில் ஒரே ஒரு சேவ்தான். அதுவும் தானாகவே எழுதிக்கொண்டு போகும், பழையதை அழித்துவிடும். “இவன் என்ன திருட்டுப்பய. நம்மளக் கேக்காமயே பேனாவுல ஏத்துறான்” என்றார். தினமும் ஆட்டம் முடிந்ததும் அந்த ஃபைலைப் பென் டிரைவில் நகலெடுத்து வைத்தேன். அதனால் அங்கேயும் அவரால் திரும்பிப் போக முடிந்தது. என்னால்தான் முடிந்தது.

மூன்றாம் பாகத் தொடக்கத்தில் அந்தப் பெண் வருவாள். பழைய சேவ் இல்லாதவர்களுக்கு அவள் செத்தவள், சுவரில் பெயர் மட்டும் இருக்கும். எங்களுக்கு உயிரோடு வந்தாள். வளர்ந்து, கப்பலுக்கே தலைமை இன்ஜினியராகி வந்தாள். “கேப்டன், அன்றைக்கு நீங்கள் எங்கள் சட்டைகளைச் சோதிக்கச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது” என்றாள். அதை நான் தமிழில் சொன்னதும், “இன்னொருக்கா வாசி” என்றார். வாசித்தேன். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்த வாரம்தான் ஐயலூர்க்காரர் ஒருவர் வந்தார்.

ஒல்லியான மனிதர், அறுபது இருக்கும். ஆடு வாங்கி விற்கிற ஆள் என்பது அருகில் வரும்போதே தெரிந்தது. மேஸ்திரி இன்னும் வந்திருக்கவில்லை. வாசலிலேயே நின்று, “அந்த மில்லு மேஸ்திரி இங்கனதான் வருவாராம்ல தாயி” என்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. பத்தொன்பது வயது மகள் அந்த மில்லில் செத்துப்போய் ஒன்றரை வருடம் ஆகிறது என்றார். நூல் சுற்றுகிற பிரிவில் இருந்தவள், பஞ்சைச் சீவுகிற கார்டிங் மிஷினில் கை மாட்டி, ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே போய்விட்டாள்.

“யாரும் அனுப்பல, அவளா வெளாட்டுத்தனமா அங்கிட்டுப் போனான்னு எழுதிப்புட்டாக தாயி. அன்னிக்குக் காலையில நோட்டுல அந்த மிசினுக்கு எம் மக பேரு இருந்துச்சுன்னு கூட வேலபாத்த புள்ளைக சொல்லுதுக. இப்பப் பாத்தா இல்லையாம்.”

எனக்கு அவருடைய ரப்பர் ஞாபகம் வந்தது.

“எனக்குக் காசு வேணாம். புதங்கெழம விசாரணை இருக்கு. நாந்தான் அனுப்புனேன்னு அந்த மேஸ்திரி ஒரு வார்த்த சொன்னாப் போதும். ஊருக்குள்ள எம் மகள வெளாட்டுப் புத்திக்காரின்னு பேசுறானுக. அவ சொன்ன சொல்லு தட்டாத புள்ள தாயி. நீ சொன்னா அவரு கேப்பாராம்ல. செத்தப் பேசு தாயி.”

பேசுகிறேன் என்றேன்.

அன்று மேஸ்திரி வந்ததும், ஹெட்போனை மாட்டவிடாமல் கேட்டேன். மறைக்கவில்லை. திரையைப் பார்த்தபடியே சொன்னார். கார்டிங்கில் நின்ற பெண்ணுக்குக் குழந்தைக்குக் காய்ச்சல், ஒரு மணி நேரம் விடச் சொல்லிக் கெஞ்சினாள். பதிலுக்கு நிற்க ஆள் இல்லை. இந்தப் பெண் நூல் கொண்டுபோக அந்தப் பக்கம் வந்தாள். போ என்றார். அந்த மிஷினை அவள் அதற்குமுன் தொட்டதில்லை.

“பக்கத்துல நின்னா தங்கச்சி. அம்புட்டுத்தேன் காரணம்.”

“நோட்டு?”

“மேல இருந்து வந்து, சரி பண்ணிரு மேஸ்திரின்னாக. அழிச்சேன். பழைய ஆளு பேர எழுதி, பேனாவுல ஏத்திட்டேன்.”

“அவங்கப்பா வந்திருந்தாருண்ணே. புதன்கிழமை நீங்க சொல்லணும்.”

“சொல்றேன்” என்றார். “மூணாம் பாகத்த மட்டும் முடிச்சுக்கிறேன். அந்தப் புள்ளயக் கரை சேத்துட்டுச் சொல்றேன். இத விட்டுட்டுப் போனா எனக்கு வாய் வராது.”

அன்று வெள்ளிக்கிழமை. எனக்கு அவர்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது பரிதாபம்தான். சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் வேறு வேலையை ஒதுக்கிவிட்டு அவர் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வேகவேகமாக வாசித்துச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கடைசிக் காட்சி வந்தது. கப்பல் எரிகிறது. எல்லோரையும் சிறு ஓடங்களில் ஏற்றி அனுப்பியாகிவிட்டது. இன்ஜினை நிறுத்தினால் ஓடங்கள் தப்பாது. யாராவது உள்ளே இருந்தாக வேண்டும். கேப்டன் ஒன்றும் சொல்வதற்கு முன்பே அந்தப் பெண் இன்ஜின் ரூமுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். திரை வெள்ளையானது.

“திருப்பிப் போடு” என்றார்.

பென் டிரைவிலிருந்து முந்தைய நாள் ஃபைலைப் போட்டேன். வேறு பதில் சொன்னார். அவள் போனாள். அதற்கு முந்தையதைப் போட்டேன். போனாள். விசாரணை மறுநாள் காலை பத்து மணிக்கு.

“எங்கிட்டுப் போய்த் திருப்பணும் தங்கச்சி? ரெண்டாம் பாகத்துலயா? மொதப் பாகத்துலயா? சொல்லு, ஆரம்பிப்போம்.”

எனக்கு விடை தெரியும். ஏற்கெனவே தேடிப் படித்திருந்தேன். இரண்டாம் பாகத்தின் நடுவில் ஒரு கதவு. அங்கே ஓர் எதிரியை மன்னித்து விட்டால், மூன்றாம் பாகத்தில் அவன் வந்து அவளுக்குப் பதிலாக உள்ளே இருப்பான். அவள் பிழைப்பாள். அதைச் சொன்னால் இன்னும் இரண்டு மாதத்துக்கு இந்த நாற்காலியை விட்டு இவர் எழுந்திருக்க மாட்டார், புதன்கிழமையும் போய்விடும். திரும்பிப் போக இடமே இல்லை என்று தெரிந்தால்தான் எழுந்து போவார் என்று கணக்குப் போட்டேன். ரொம்பப் புத்திசாலித்தனமாகச் செய்வதாக நினைப்பு.

“திருப்ப முடியாதுண்ணே. எங்கிட்டுப் போய் ஆரம்பிச்சாலும் மூணாம் பாகத்துல இதே முடிவுதான். உலகத்துல ஆடுற அத்தன பேருக்கும் இதேதான்.”

“யாரு கேப்டனா இருந்தாலுமா?”

“யாரா இருந்தாலும்.”

“நான் அனுப்பலேன்னாலும் அந்தப் புள்ள போயிருக்கும்?”

“போயிருக்கும்ணே.”

அவர் அந்த வெள்ளைத் திரையைப் பார்த்தார். அழப்போகிறார் என்று நினைத்துத் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தேன். அவர் முகம் இளகியது. நெற்றிச் சுருக்கம் எல்லாம் போய், பத்து வயது குறைந்த மாதிரி ஆனார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“இத நான் தெரியாமத் திட்டிட்டேன் தங்கச்சி. மூணுலயும் இதுதான் சரி” என்றார். “மத்த ரெண்டும் சும்மா ஆசகாட்டுது.”

எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு படியிறங்கினார். எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. ‘அந்தப் புள்ள’ என்று அவர் கேட்டது எந்தப் பெண்ணைப் பற்றி என்பது புரிந்ததும் படியிறங்கி ஓடினேன். பஸ் ஸ்டாண்டில் எல்லாப் பக்கமும் பார்த்தேன். ஆள் போய்விட்டார். அவர் வீடு எங்கே என்று நான் கேட்டு வைத்திருக்கவில்லை.

புதன்கிழமை விசாரணையில் அவர் என்ன சொன்னார் என்பதை மில்லில் வேலை பார்க்கும் ஒருத்தி பிரிண்ட் எடுக்க வந்தபோது சொன்னாள். யாரும் அனுப்பவில்லை, அந்தப் பெண் தானாகத்தான் போனாள் என்று தடுமாறாமல் சொன்னாராம்.

அதற்கடுத்த ஞாயிறு, நாங்கள் இருவரும் போகிற மாதா கோவிலில் அவரைப் பார்த்தேன். அதுவரை பூசை முடியும் மட்டும் வாசல் பக்கமே நின்றுவிட்டுப் போகிறவர், அன்று, மனசில் பாவம் இருந்தால் வாங்கக் கூடாத நற்கருணையை வரிசையில் நின்று வாங்கினார். என்னைத் தாண்டும்போது, நல்லாருக்கியா என்பது போலத் தலையசைத்தார். மூன்றாம் கேபினுக்கு அவர் பிறகு வரவே இல்லை. நானும் தேடிப் போகவில்லை.

ஐயலூர்க்காரர் சந்தை முடிந்த மறுநாள் வந்தார். இந்தத் தடவை உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார்.

“பேசுனியா தாயி?”

“பேசுனேன்யா.”

“எங் கண்ணப் பாத்துத்தான் சொன்னாரு. கை நடுங்கல, குரல் நடுங்கல. பொய் சொல்றவன இத்தன வருசமாச் சந்தையில பாத்திருக்கேன். அவரு மொகத்துல பொய்யே இல்ல தாயி.” “நீ பழகுன ஆளு. நீ சொல்லு. பொய் சொல்ற மனுசனா அவரு?”

அவர் என்னிடம் சொன்னதை நான் சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால், செவ்வாய்க்கிழமை மாலை நான் அவரிடம் சொன்னதையும் சொல்ல வேண்டியிருக்கும். பிரிண்டரில் பேப்பரைச் சரிசெய்வது போலத் திரும்பிக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால், பயம் என்பதைத் தவிர என்னிடம் கௌரவமான பதில் எதுவும் இல்லை.

பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்துகொள்ளும் சத்தம் கேட்டது.

“அப்ப எம் மகதான் சொல்லாமக் கொள்ளாமப் போயிருக்கா” என்றார். “நாந்தான் வீணா ஒரு நல்ல மனுசன சந்தேகப்பட்டுட்டேன். வந்தார்னா, நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லிரு தாயி.”

சரிங்கய்யா என்றேன்.